முதல் ரெஸ்யூம் எழுத உட்காரும்போது

போன வருடம் என் அக்கா மகளின் கல்லூரித் தோழி ஒருத்தி தன் ரெஸ்யூமோடு வீட்டுக்கு வந்தாள். தாராபுரம் பக்கம் ஊர். பி.காம். முடித்து எட்டு மாதம் ஆகியிருந்தது. நாற்பது இடங்களுக்கு மேல் அனுப்பிவிட்டாள், ஒரு போன்கூட வரவில்லை. கோவையில் மோட்டார் பம்ப் தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்றில் ஆளெடுக்கும் பிரிவில் நான் பதினான்கு வருடமாக இருக்கிறேன். அதனால் என்ன தப்பு என்று பார்த்துச் சொல்லச் சொன்னாள்.

இரண்டு பக்கம். சுற்றிலும் பார்டர். மேலே பெரிய எழுத்தில் 'கரிக்குலம் வீட்டே'. அதன் கீழே, சவாலான சூழலில் பணியாற்றி நிறுவனத்தோடு சேர்ந்து வளர விரும்புகிறேன் என்று ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம். நான் தினமும் பார்க்கிற வாக்கியம் அது. பிறகு 'ஹார்ட் ஒர்க், ஸ்மார்ட் ஒர்க், டீம் ஒர்க், டேலி' என்று ஒரு பட்டியல். பாட்டுக் கேட்பது பொழுதுபோக்கு. கடைசியில் அப்பா பெயர், மதம், திருமணம் ஆகவில்லை என்ற விவரம், மேலே சொன்னவை உண்மை என்று ஓர் உறுதிமொழி.

"படிக்கும்போது வேறு ஏதாவது செய்தாயாம்மா?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் இல்லைங்க மாமா. சாயங்காலம் பெரியப்பா ஹார்டுவேர் கடையில பில் போடுவேன், அவ்வளவுதான்."

அந்த 'அவ்வளவுதான்' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் பேசினோம். மூன்று வருடமாக டேலி பிரைம் என்ற கணக்கு மென்பொருளில் அவள்தான் கணக்கு வைக்கிறாள். ஒரு நாளைக்கு அறுபது பில் வரை போடுகிறாள். மாதம் பிறந்து 11-ஆம் தேதிக்குள் ஜி.எஸ்.டி.ஆர்-1 என்ற விற்பனை அறிக்கையைப் போட வேண்டும் என்பதால், அதற்கு நான்கு நாள் முன்பே விற்பனைக் கணக்கை ஆடிட்டருக்கு அனுப்பிவிடுகிறாள். பெரிய லோடு போகும்போது, சரக்கோடு போக வேண்டிய இ-வே பில் என்ற ஆன்லைன் சீட்டை எடுக்கிறாள். சரக்கு அனுப்பிய சப்ளையர் தன் பில்லை ஏற்றாமல் விட்டால், நாம் வாங்கும்போது கட்டி, பிறகு கழித்துக்கொள்ள வேண்டிய உள்ளீட்டு வரி, ஜி.எஸ்.டி. தளம் மாதந்தோறும் தரும் 2பி அறிக்கையில் வராது. அப்படி விடுபட்ட பில்களைத் தேடிப் பிடித்து, சப்ளையருக்குப் போன் செய்து ஏற்ற வைப்பதும் அவள்தான்.

எங்கள் தொழிற்சாலையில் அக்கவுண்ட்ஸ் பிரிவில் புதிதாகச் சேர்கிறவருக்கு முதல் ஆறு மாதம் சொல்லிக்கொடுப்பது இதைத்தான். இவ்வளவும் தெரிந்த பெண் 'டேலி' என்று ஒரே ஒரு சொல்லில் எழுதியிருந்தாள். எனக்கு உண்மையிலேயே மனம் கஷ்டமாகிவிட்டது. நம் பிள்ளைகள் செய்த வேலையை வேலை என்றே நினைப்பதில்லை. அதை விட்டுவிட்டு, எங்கிருந்தோ காப்பி எடுத்த சொற்களால் தாளை நிரப்புகிறார்கள். இந்தக் கட்டுரையை அதற்காகத்தான் எழுதுகிறேன். முதல் வேலை தேடும் கலைக் கல்லூரி, பாலிடெக்னிக், பொறியியல் மாணவர்களை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன். இரண்டொரு வருடம் விட்டுத் திரும்ப வருகிறவர்களுக்கும் பெரும்பாலும் இதுவே பொருந்தும்.

முதலில் ஒரு நோட்டு

கம்ப்யூட்டரில் தொடங்காதீர்கள். அங்கே உட்கார்ந்தால் கை தானாக ஒரு மாதிரிப் படிவத்தைத் தேடும். ஒரு நோட்டில் இரண்டு பக்கம் ஒதுக்கி, பிளஸ் டூ முடித்ததிலிருந்து இன்றுவரை செய்த வேலைகளையெல்லாம் தமிழிலேயே எழுதுங்கள். சம்பளம் வந்ததா இல்லையா என்று பார்க்க வேண்டாம். தீபாவளி சீசனில் துணிக்கடையில் நின்றது, கல்யாணத்துக்குக் கேட்டரிங் போனது, தெருப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்தது, என்.எஸ்.எஸ். முகாமில் ஏழு நாள் சாப்பாட்டுக் கணக்குப் பார்த்தது, கல்லூரி சிம்போசியத்தில் பதிவு மேசையில் உட்கார்ந்தது, எல்லாமே வரட்டும்.

ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் நான்கு விவரம் குறியுங்கள். எவ்வளவு காலம்? எத்தனை பேர், எத்தனை பில், எவ்வளவு பணம்? எந்தக் கருவி அல்லது மென்பொருள்? முடிவில் என்ன ஆனது? இந்த நோட்டை எழுத ஒரு நாள் ஆனாலும் பரவாயில்லை. இதற்குப் பிறகு நடப்பதெல்லாம் இதிலிருந்து எடுத்து வைப்பதுதான்.

விளம்பரத்தை இரண்டு தடவை படியுங்கள்

முதல் தடவை சும்மா படியுங்கள். இரண்டாம் தடவை கையில் பேனாவோடு, அவர்கள் கேட்கும் ஒவ்வொரு விஷயத்தையும் அடிக்கோடிடுங்கள். 'டேலி பிரைம், ஜி.எஸ்.டி., எக்செல் தெரிந்திருக்க வேண்டும், இரு சக்கர வாகனம் இருந்தால் நல்லது' என்று இருந்தால் அங்கே நான்கு விஷயம் இருக்கிறது. உங்கள் நோட்டில் இந்த நான்குக்கும் எது பதில் சொல்கிறதோ அது ரெஸ்யூமில் மேலே வர வேண்டும். அவர்கள் எந்தச் சொல்லைப் போட்டிருக்கிறார்களோ அதே சொல்லை நீங்களும் போடுங்கள். நௌக்ரி போன்ற வேலைவாய்ப்புத் தளங்களில் ஆள் தேடும்போது நாங்கள் அந்தச் சொற்களைத் தட்டித்தான் தேடுகிறோம்.

ஒரே ரெஸ்யூமை நாற்பது இடத்துக்கு அனுப்புவதைவிட, பத்து இடத்துக்குப் பத்து விதமாக வரிசை மாற்றி அனுப்புவது மேல். முழுசாகத் திரும்ப எழுத வேண்டியதில்லை. மேலே உள்ள இரண்டு வரியையும் வேலைகளின் வரிசையையும் மாற்றினால் போதும், பத்து நிமிட வேலை.

பெயர், போன், மெயில்

பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் பெயர் எந்த எழுத்துகளில் இருக்கிறதோ அப்படியே இங்கேயும் இருக்கட்டும், இனிஷியல் உட்பட. நாங்கள் ஆள் எடுத்த பிறகு சான்றிதழ்களைச் சரிபார்ப்போம். சான்றிதழில் ஒரு விதம், ஆதாரில் ஒரு விதம், ரெஸ்யூமில் ஒரு விதம் என்று இருந்தால் சேரும் நேரத்தில்தான் அலைய வேண்டியிருக்கும்.

போன் நம்பரில் ஓர் இலக்கம் தப்பாக இருந்த ரெஸ்யூம்களை நான் பார்த்திருக்கிறேன். நல்ல பையன், கூப்பிட வழியில்லை. அடித்து முடித்ததும் அந்த நம்பருக்கு நீங்களே வேறொரு போனிலிருந்து கூப்பிட்டுப் பாருங்கள். மெயில் முகவரி பள்ளி நாள்களில் நடிகர் பெயரோடு சேர்த்து உருவாக்கியதாக இருந்தால், உங்கள் பெயரில் புதிதாக ஒன்று திறந்து, தினமும் அதைப் பாருங்கள். முழு வீட்டு முகவரி வேண்டாம், ஊரும் மாவட்டமும் போதும். ஆதார் எண், பான் எண் இரண்டையும் ரெஸ்யூமில் எழுதவே கூடாது. அந்தத் தாள் எத்தனை பேர் கைக்குப் போகும் என்று உங்களுக்குத் தெரியாது.

பெயருக்குக் கீழே இரண்டே வரியில் நீங்கள் யார் என்று சொல்லிவிடுங்கள். அந்தப் பெண்ணுக்கு நாங்கள் எழுதியது, தமிழில் சொன்னால் இப்படி வரும்: 'பி.காம். பட்டதாரி. ஹார்டுவேர் கடை ஒன்றில் மூன்று வருடம் டேலி பிரைமில் பில் பதிவு, ஜி.எஸ்.டி. கணக்கு, இ-வே பில் வேலைகள் செய்த அனுபவம் உண்டு.' கரியர் ஆப்ஜெக்டிவ் என்ற பழைய வாக்கியம் இருந்த இடத்தில் இது உட்கார்ந்தது. படிக்கிறவர் இந்த இரண்டு வரியிலேயே 'சரி, இந்தப் பிள்ளையைக் கூப்பிட்டுப் பேசலாம்' என்ற எண்ணத்துக்கு வந்துவிடுவார்.

செய்த வேலையை எழுதுவது

ரெஸ்யூமின் உயிர் இங்கேதான். எனவே இங்கே கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

ஒவ்வொரு வேலைக்கும் கடையின் அல்லது நிறுவனத்தின் பெயர், ஊர், எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை என்று ஒரு வரி. குடும்பக் கடை என்றால் குடும்பக் கடை, பகுதி நேரம் என்றால் பகுதி நேரம் என்று அப்படியே எழுதுங்கள். அதில் எந்தக் குறைவும் இல்லை. கீழே மூன்று அல்லது நான்கு வரி, ஒவ்வொரு வரியும் நீங்கள் செய்த ஒரு செயல். ஆங்கிலத்தில் எழுதும்போது அந்தச் செயலைச் சொல்லும் வினைச்சொல்லில் தொடங்குங்கள், 'ஐ' என்று தொடங்க வேண்டாம்.

'கடையில் உதவியாக இருந்தேன்' என்பதில் ஒன்றும் தெரியவில்லை. 'ஒரு நாளைக்குச் சுமார் 60 விற்பனை பில்களை டேலி பிரைமில் பதிவு செய்தேன்' என்றால் வேகமும் தெரிகிறது, மென்பொருளும் தெரிகிறது. 'கொள்முதல் பில்களை மாதந்தோறும் 2பி அறிக்கையோடு ஒப்பிட்டு, விடுபட்டவற்றைச் சப்ளையர்களிடம் கேட்டுச் சரிசெய்தேன்' என்ற வரியை எங்கள் அக்கவுண்ட்ஸ் மேலாளர் படித்தால் உடனே நிமிர்ந்து உட்காருவார். படித்து மட்டும் வந்தவரால் எழுத முடியாத வரி அது.

எண்ணிக்கை தெரிந்தால் போடுங்கள், தெரியாவிட்டால் 'சுமார்' என்று நியாயமாகக் கணக்கிட்டுப் போடுங்கள். ஊதிப் பெருக்காதீர்கள். துணிக்கடையில் இருபது நாள் நின்றவர் 'விற்பனையை 40 சதவீதம் உயர்த்தினேன்' என்று எழுதினால் நான் நம்ப மாட்டேன். 'தீபாவளி சீசனில் 20 நாள், சேலைப் பிரிவில் நாள் முழுக்க வாடிக்கையாளர்களைக் கவனித்தேன்' என்பதை நம்புவேன். பன்னிரண்டு மணி நேரம் நின்று சிரித்த முகத்தோடு சேலை பிரித்துக் காட்டியவர் எந்த அலுவலகத்தின் வரவேற்பு மேசையிலும் தாக்குப்பிடிப்பார்.

பொறியியல், பாலிடெக்னிக் மாணவர்களுக்கு இந்த இடத்தில் பிராஜெக்டும் இன்பிளான்ட் டிரெய்னிங்கும் வரும். பிராஜெக்டின் தலைப்பை மட்டும் எழுதாதீர்கள். நான்கு பேர் சேர்ந்து செய்ததில் நீங்கள் எந்தப் பகுதியைச் செய்தீர்கள்? வரைபடமா, சட்டம் வெல்டிங் வைத்ததா, சென்சார் இணைத்ததா? அதை எழுதுங்கள். பிராஜெக்ட் சென்டரில் காசு கொடுத்து வாங்கியது என்றால், அது என்ன செய்கிறது, ஏன் அந்த மோட்டார், ஏன் அந்தச் சென்சார் என்று உட்கார்ந்து படித்துப் புரிந்துகொண்ட பிறகுதான் அதை ரெஸ்யூமில் ஏற்ற வேண்டும். நேர்காணலில் மூன்றாவது கேள்வியிலேயே அது வெளியே வந்துவிடும்.

திறன்கள் பட்டியலுக்கும் இதே கதைதான். ஒரு டிப்ளமோ பையன் 'வெர்னியர், மைக்ரோமீட்டர் பயன்படுத்தத் தெரியும்' என்று எழுதியிருந்தான். இரண்டின் லீஸ்ட் கவுண்ட், அதாவது அளக்கக்கூடிய மிகச் சிறிய அளவு, எவ்வளவு என்று எங்கள் தர ஆய்வுப் பிரிவு மேலாளர் கேட்டார். பையன் முழித்தான். பாலிடெக்னிக் லேபில் வழக்கமாகக் கொடுக்கும் வெர்னியருக்கு 0.02 மி.மீ., மைக்ரோமீட்டருக்கு 0.01 மி.மீ. அவன் கையில் எடுத்து அளந்த கருவிகள்தான். ஆனால் எழுதியதைத் திரும்பப் பார்க்காமல் வந்துவிட்டான். ரெஸ்யூமில் நீங்கள் எழுதும் ஒவ்வொரு சொல்லும் நேர்காணலில் ஒரு கேள்வியாக வரும் என்று நினைத்துக்கொண்டு எழுதுங்கள். பதில் சொல்ல முடியாத சொல்லை எடுத்துவிடுங்கள். பத்துத் திறன் எழுதி நான்குக்குப் பதில் சொல்வதைவிட, ஐந்து எழுதி ஐந்துக்கும் சொல்வது நல்லது.

நம் ஊருக்கென்றே சில சான்றுகள் இருக்கின்றன, அவற்றை விட்டுவிடாதீர்கள். டைப்ரைட்டிங் ஹையர் முடித்தவர் நிமிடத்துக்கு 45 சொல் அடிக்கும் தேர்வில் தேறியவர். தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் ஹையர் என்றால் டேட்டா என்ட்ரி, அலுவலக உதவியாளர் வேலைகளுக்கு அது தனித்துத் தெரியும். தமிழ்நாடு அரசின் 'நான் முதல்வன்' திறன் பயிற்சித் திட்டத்தில் படித்த பாடம் வேலைக்குப் பொருந்தினால் அதையும் பெயரோடு எழுதுங்கள். அப்ரென்டிஸ் பயிற்சி முடித்திருந்தால் அதைப் படிப்புக்குக் கீழே புதைக்காமல் வேலை அனுபவத்தில் வையுங்கள்.

படிப்பு, அரியர், இடைவெளி

படிப்பைக் கடைசியாக முடித்ததிலிருந்து பின்னோக்கி எழுதுங்கள். பட்டம், கல்லூரி, வருடம், மதிப்பெண். பிறகு பிளஸ் டூ, பத்தாம் வகுப்பு. சி.ஜி.பி.ஏ. 6.8 என்றால் 6.8. அதை 7 என்று எழுதினால் சான்றிதழ் பார்க்கும் நாளில் வேலையே போய்விடும், 0.2 புள்ளிக்காக அவ்வளவு பெரிய ஆபத்து தேவையில்லை. அரியர் இன்னும் நிலுவையில் இருந்தால், கேட்காமல் எழுத வேண்டியதில்லை. ஆனால் விண்ணப்பப் படிவத்தில் கேட்டால் மறைக்காதீர்கள். வந்த அரியரை முடித்துவிட்டால் அதைப் பற்றிக் கவலையே வேண்டாம்.

இடைவெளிதான் பலரையும் பயமுறுத்துகிறது. பட்டம் வாங்கிய பிறகு இரண்டு வருடம் டி.என்.பி.எஸ்.சி.க்குப் படித்தவர்கள் அந்த இரண்டு வருடத்தை வெற்றிடமாக விட்டுவிடுகிறார்கள். அப்படி விட்டால் படிக்கிறவர் எதை வேண்டுமானாலும் நினைப்பார். '2022 முதல் 2024 வரை அரசுப் போட்டித் தேர்வுத் தயாரிப்பு' என்று ஒரே வரி எழுதுங்கள். குரூப் 2 முதல்நிலைத் தேர்வில் தேறியிருந்தால் அதையும் சேர்த்து எழுதுங்கள், லட்சக்கணக்கானோர் எழுதும் தேர்வு அது. குழந்தை பிறந்து நான்கு வருடம் வீட்டில் இருந்தவர்களும் அப்படித்தான். 'குடும்பப் பொறுப்புக்காக இடைவெளி' என்று எழுதி, அந்தக் காலத்தில் ஏதாவது கற்றிருந்தால் சேர்த்துவிடுங்கள். நேர்காணலில் அதைப் பற்றிக் கேட்டால் நேராகச் சொல்லுங்கள், மன்னிப்புக் கேட்கும் குரலில் சொல்ல வேண்டாம்.

எதை விடலாம்

தந்தை பெயர், மதம், சாதி, திருமண விவரம், கடைசியில் வரும் உறுதிமொழி, கையெழுத்து, இவையெல்லாம் பழைய பயோடேட்டாவிலிருந்து வந்தவை. தனியார் வேலைக்குத் தேவையில்லை. போட்டோவும் கேட்டால் மட்டும் போதும். வளைகுடா நாடுகளுக்கு அனுப்புகிறவர்கள் போட்டோ, நாடு, விசா விவரம் போடுவது அங்கே வழக்கம். அமெரிக்கா, இங்கிலாந்து என்றால் போட்டோவும் வயதும் போடுவதில்லை. பொழுதுபோக்கு என்ற தலைப்பு வெறும் பாட்டும் படமும் என்றால் எடுத்துவிடுங்கள். மாவட்ட அளவில் கபடி ஆடியிருந்தால் அது சாதனை, இருக்கட்டும்.

புதியவருக்கு ஒரு பக்கம் போதும்.

பக்கத்தை அமைப்பது

பக்கத்தை இடம், வலம் என்று இரண்டு பத்தியாகப் பிரிக்கும் அலங்காரமான டெம்ப்ளேட்டுகள் இப்போது இலவசமாகக் கிடைக்கின்றன. பார்க்க அழகாக இருக்கும். ஆனால் பெரிய நிறுவனங்களில் ரெஸ்யூமை முதலில் ஒரு மென்பொருள் படித்து, பெயர், படிப்பு, திறன் என்று பிரித்து வைக்கிறது. இரண்டு பத்தியும் கட்டங்களும் படங்களும் இருந்தால் அது குழம்பலாம். திறனுக்குப் பக்கத்தில் ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் போடுவதும் வேண்டாம். எக்செலில் நான்கு நட்சத்திரம் என்றால் என்ன என்று எனக்குப் புரிவதில்லை. 'பிவட் டேபிள், வி-லுக்கப் தெரியும்' என்றால் புரிகிறது.

உங்கள் பக்கம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு சுலபமான வழி உண்டு. பி.டி.எஃப்-ஐத் திறந்து முழுவதையும் காப்பி செய்து நோட்பேடில் ஒட்டுங்கள். வரிசை மாறாமல் எல்லாம் வந்தால் மென்பொருளும் அப்படியே படிக்கும். எழுத்துகள் சிதறினாலோ ஒன்றுமே வராவிட்டாலோ டெம்ப்ளேட்டை மாற்றுங்கள். கறுப்பு எழுத்து, ஒரே ஃபான்ட், 11 அளவு, தலைப்புகள் மட்டும் தடிமனாக. இது போதும்.

ரெஸ்யூம் ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டுமா என்று கேட்பார்கள். தனியார் நிறுவனங்களுக்குப் பெரும்பாலும் ஆங்கிலம்தான், ஆனால் எளிய ஆங்கிலம் போதும். தமிழ் விளம்பரம் கொடுத்த பள்ளி, பதிப்பகம், தொண்டு நிறுவனம் என்றால் தமிழில் தாராளமாக எழுதலாம். அப்படி எழுதினால் யூனிகோடில் அடித்து பி.டி.எஃப். ஆக அனுப்புங்கள். பழைய ஃபான்ட்களில் அடித்த வேர்டு கோப்பு அடுத்தவர் கம்ப்யூட்டரில் வெறும் குறிகளாகத்தான் தெரியும்.

இன்னொன்று. சாட்ஜிபிடி வந்த பிறகு, ஒரே மாதிரிப் பளபளப்பான வாக்கியங்கள் நூற்றுக்கணக்கில் வருகின்றன. பயன்படுத்த வேண்டாம் என்று சொல்லவில்லை. முதலில் நீங்கள் தெரிந்த ஆங்கிலத்தில் எழுதி, இலக்கணம் மட்டும் திருத்தித் தரச் சொல்லுங்கள். அது சேர்த்த ஒரு சொல்லுக்குப் பொருள் தெரியவில்லை என்றால் அந்தச் சொல்லை நீக்கிவிடுங்கள்.

கவர் லெட்டர்

ரெஸ்யூம் எல்லாவற்றையும் சொல்லும், கவர் லெட்டர் இந்த ஒரு வேலைக்கு ஏன் நான் என்பதை மட்டும் சொல்லும். பலர் இதை அனுப்புவதே இல்லை. அனுப்புகிறவர்களும் 'ஐ கேம் டு நோ த்ரூ ரிலையபிள் சோர்சஸ்' என்று தொடங்கி 'எஸ்டீம்ட் ஆர்கனைசேஷன்' என்று போய், 'டு த நீட்ஃபுல்' என்று முடித்துவிடுகிறார்கள். அந்த மொழி அவர்களுடைய தாத்தா காலத்துக் கடிதங்களில் இருந்து வந்தது. அதில் எழுதியவரின் முகமே தெரிவதில்லை.

அந்தப் பெண்ணோடு உட்கார்ந்து எழுதிய கடிதத்தைத் தருகிறேன். ஆங்கிலத்தில் அனுப்பியதைத் தமிழில் சொல்கிறேன், தமிழில் விண்ணப்பிக்கிறவர்கள் இந்த நடையிலேயே எழுதலாம்.

'மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

ஜூனியர் அக்கவுண்டன்ட் தேவை என்று போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் கொடுத்த விளம்பரத்தைப் பார்த்து விண்ணப்பிக்கிறேன்.

டேலி பிரைமும் ஜி.எஸ்.டி. வேலையும் தெரிந்தவர் வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். எங்கள் குடும்பத்தின் ஹார்டுவேர் கடையில் மூன்று வருடமாக இந்த இரண்டையும் செய்கிறேன். ஒரு நாளைக்குச் சுமார் 60 பில்களைப் பதிவு செய்கிறேன். மாதந்தோறும் கொள்முதல் பில்களை 2பி அறிக்கையோடு ஒப்பிடுகிறேன். போன வருடம் ஒரு சப்ளையர் ஐந்து பில்களை ஏற்றாமல் விட்டிருந்ததைக் கண்டுபிடித்து, அவரிடம் பேசிச் சரிசெய்தேன்.

தொழிற்சாலைக் கணக்கில் எனக்கு இன்னும் அனுபவம் இல்லை. ஸ்டாக், ஜாப் ஒர்க் கணக்குகளை உங்கள் நிறுவனத்தில் கற்றுக்கொள்ள விரும்புகிறேன்.

வேலை கிடைத்தால் கோவையில் தங்க ஏற்பாடு இருக்கிறது, உடனே சேர முடியும். ரெஸ்யூம் இணைத்திருக்கிறேன். எந்த நாள் அழைத்தாலும் நேரில் வருகிறேன்.

இப்படிக்கு' என்று பெயரும் போன் நம்பரும்.

இதில் இரண்டு இடங்களைக் கவனியுங்கள். விளம்பரம் கேட்டதை அப்படியே எடுத்து, அதற்குத் தன் வாழ்க்கையிலிருந்து ஒரு சம்பவத்தைப் பதிலாக வைத்திருக்கிறாள். ஐந்து பில் என்பது சின்ன விஷயம், ஆனால் அது அவளுக்கு மட்டுமே நடந்தது. வேறு யாரும் அந்த வரியைக் காப்பியடிக்க முடியாது. அடுத்தது, தெரியாததைத் தெரியாது என்று சொன்ன பத்தி. (ஜாப் ஒர்க் என்றால் பொருளைக் கொடுத்து வெளியில் வேலை செய்து வாங்குவது.) அதை எழுத அவள் தயங்கினாள், நான்தான் வைக்கச் சொன்னேன். எந்த வேலையில் எதைக் கற்க வேண்டும் என்று தெரிந்து வருகிறவரைப் பார்த்தால் ஆளெடுப்பவருக்கு நம்பிக்கை வரும். வெளியூர்க்காரர் என்றால் 'தங்க ஏற்பாடு இருக்கிறது' என்ற வரி ரொம்ப முக்கியம். சேர்ந்து ஒரு மாதத்தில் ஊருக்குத் திரும்பிவிடுவார்களோ என்ற கவலை எங்களுக்கு எப்போதும் உண்டு.

வீட்டுக் கஷ்டத்தைக் கடிதத்தில் எழுதாதீர்கள். எழுதுகிறவர்களின் வலி எனக்குப் புரிகிறது, படித்துவிட்டு மனம் கனத்துப்போன நாள்களும் உண்டு. ஆனால் அதை வைத்து ஒருவரைத் தேர்வு செய்ய எங்களால் முடியாது. உங்கள் கையில் உள்ள வேலையைக் காட்டுங்கள், எங்களால் உங்களுக்காகப் பேச முடியும்.

அனுப்பும்போது

கோப்பின் பெயர் உங்கள் பெயரும் வேலையின் பெயருமாக இருக்கட்டும். 'நியூ ரெஸ்யூம் ஃபைனல் 3' என்று வரும் கோப்புகள் எங்கள் கம்ப்யூட்டரில் இருநூறு இருக்கும், அதில் உங்களுடையதை எப்படித் தேடுவது? மெயிலின் சப்ஜெக்ட் வரியில் 'ஜூனியர் அக்கவுண்டன்ட் வேலைக்கு விண்ணப்பம்' என்று எழுதி உங்கள் பெயரையும் சேருங்கள். அந்த இடம் காலியாக வரும் மெயில்கள் நிறைய. கவர் லெட்டரைத் தனிக் கோப்பாகக் கேட்டால் தவிர, மெயிலின் உடலிலேயே எழுதிவிடுவது நல்லது. இணைப்பை மறக்காமல் இருக்க, முதலில் கோப்பை இணைத்துவிட்டு அப்புறம் எழுதத் தொடங்குங்கள். ஒரே மெயிலில் இருபது நிறுவனங்களின் முகவரியைப் போட்டு அனுப்பவே கூடாது. வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னாலும் வெறும் கோப்பை மட்டும் அனுப்பாமல், பெயர், எந்த வேலை, எந்த ஊர் என்று இரண்டு வரி சேர்த்து அனுப்புங்கள்.

அனுப்புவதற்கு முன் ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். அவர் அரை நிமிடம் பார்த்துவிட்டுத் தாளைக் கவிழ்த்து வைத்து, உங்களுக்கு என்ன தெரியும் என்று சொல்ல வேண்டும். அவரால் சொல்ல முடியாவிட்டால் மேல் பகுதியைத் திரும்ப எழுதுங்கள்.

அனுப்பிய பிறகு

அதே நோட்டில் பின்பக்கத்திலிருந்து ஒரு பட்டியல் தொடங்குங்கள். தேதி, நிறுவனம், வேலை, எந்த ரெஸ்யூம், யாரிடம் பேசினீர்கள். அழைப்பு வரும்போது 'எந்தக் கம்பெனிங்க?' என்று கேட்க வேண்டியிருக்காது. ஒரு வாரம் கழித்து ஒரு முறை மெயிலோ போனோ செய்து கேட்கலாம், அது தொந்தரவு ஆகாது. காலை பத்தரைக்கு மேல் கூப்பிடுங்கள். தினமும் கூப்பிட வேண்டாம். நௌக்ரி, லிங்க்ட்இன் இரண்டிலும் உங்கள் விவரத்தை அடிக்கடி திறந்து புதுப்பியுங்கள். தமிழ்நாடு அரசின் தனியார் வேலைவாய்ப்பு இணையதளத்திலும் பதிவு செய்துவையுங்கள், மாவட்டங்களில் நடக்கும் வேலைவாய்ப்பு முகாம்களுக்கும் போய்வாருங்கள். முகாமுக்குப் போகும்போது குறைந்தது பத்துப் பிரதி கையில் இருக்கட்டும்.

தளங்களில் நம்பரைக் கொடுத்த பிறகு ஒரு வகை அழைப்பு நிச்சயம் வரும். உங்களைத் தேர்வு செய்துவிட்டோம், பதிவுக் கட்டணம் கட்டுங்கள், லேப்டாப்புக்கு முன்பணம் கட்டுங்கள் என்பார்கள். வேலை கொடுக்கிறவர் உங்களிடம் பணம் வாங்க மாட்டார். ஐந்நூறு ரூபாய் என்றாலும் கட்டாதீர்கள். ஏமாந்து கட்டிவிட்டால் வெட்கப்பட்டு உட்காராமல் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குக் கூப்பிட்டுப் புகார் கொடுங்கள்.

அந்தப் பெண்ணுக்குப் பல்லடத்தில் ஒரு நூல் மில்லில் வேலை கிடைத்தது. நேர்காணலில் முக்கால்வாசி நேரம் அந்த ஐந்து பில்லைப் பற்றித்தான் கேட்டார்களாம். சப்ளையர் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை, பில் நம்பர்களை வரிசையாகப் படித்துக் காட்டினேன், சாயங்காலமே ஏற்றிவிட்டார் என்று சொல்லியிருக்கிறாள். சேர்ந்து மூன்றாவது மாதம் எனக்குப் போன் செய்தாள். ஜாப் ஒர்க் கணக்கு பிடிபட்டுவிட்டது மாமா, ரெஸ்யூமில் அதை எந்த இடத்தில் சேர்ப்பது என்று கேட்டாள். மேலே, ஹார்டுவேர் கடைக்கு முன்னால் என்றேன்.